கண்ணுல படாத ரோடு

ரோடு போட்டவன் யாரா இருந்தாலும் நாலு பேர் பார்த்து மெச்சணும்னுதான் நினைப்பான். நம்ம ஊர்ல கால் கிலோமீட்டர் ரோட்டுக்கு அரை கிலோமீட்டர் பேனர் கட்டித் திறப்பு விழா நடக்கும். ஆனா போட்ட ரோடு ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாதுன்னு மண்டைய உடைச்சுக்குற கூட்டம் ஒண்ணு இருக்கு. கோல்ஃப் மைதானத்துல வண்டிப்பாதை போடுறவங்க.

கோல்ஃப் பதிவான்னு ஓடிப் போயிடாதீங்க மக்களே. எனக்கு அந்த ஆட்டம் சுத்தமா வராது. நான் பேருக்கு சிவில் படிச்சுட்டுப் பொட்டி தட்டுற ஆளு. ஆணி புடுங்க வட கரோலினாவுக்கு வந்த இடத்துல, எங்க ஆபீஸ் பெரியவர் ஒருத்தர் பழக்கமானார். 63 வயசு, ரெண்டு முட்டியும் ஆபரேஷன் பண்ணி மாத்தினது. சனிக்கிழமை ஆனா பொது மைதானத்துக்குக் கிளம்பிடுவார். அந்த பேட்டரி வண்டிய ஓட்டுறது என் வேலை. அவர் பந்தைப் பார்ப்பார், நான் ரோட்டைப் பார்ப்பேன். படிச்ச படிப்பு அங்கதான் கொஞ்சம் உதவிச்சு :-)

பதினெட்டு குழியும் ஆடி முடிக்க ஏழெட்டு கிலோமீட்டர் நடக்கணும். அதுக்குத்தான் வண்டி. வண்டிய புல்லு மேலயே தினமும் விட்டா மண்ணு இறுகிப் போய் வேருக்குக் காத்தும் தண்ணியும் போகாது. ஈரத்துல விட்டா இன்னும் மோசம். அதனால கான்கிரீட்லயோ தார்லயோ பொதுவா எட்டடி அகலத்துக்கு ஒரு பாதை. வேலை முடிஞ்சது. ஆனா பார்க்க எப்படி இருக்கும்? பச்சைப் பட்டுப்புடவைல சுண்ணாம்பைக் கொட்டி இழுத்த மாதிரி!

முதல் வைத்தியம் நிறம். புது கான்கிரீட் வெயில்ல கண்ணைக் கூச வைக்கும். கலவைலயே இரும்பு ஆக்சைடு பொடி சேர்த்தா மண் நிறம் வந்துடும். நான் இருக்குற பக்கம் எல்லாம் செம்மண், அதுக்குத் தோதா பழுப்பு கலந்தா பாதி மறைஞ்ச மாதிரிதான்.

ரெண்டாவது வளைவு. இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. இயற்கையா தெரியணும்னு பாம்பு மாதிரி நெளிச்சு நெளிச்சுப் போடுவாங்க. காரணமே இல்லாத வளைவை வண்டி ஓட்டுறவன் மதிக்க மாட்டான். நேரா புல்லு மேல ஏத்திக் குறுக்க வெட்டுவான். ஒரே மாசத்துல அங்க நம்ம வயக்காட்டு ஒத்தையடிப்பாதை மாதிரி ஒரு சொட்டை விழுந்துடும். வளைவோட உள்பக்கம் ஒரு மரமோ, பாறையோ, ஒரு சின்ன மேடோ இருந்தா அவனும் மதிப்பான், கண்ணும் நம்பும். எந்தக் கிராமத்துப் பாதையும் சும்மா வளையாதே. குளமோ புளியமரமோ குறுக்க நிக்கிறதாலதான வளையுது.

மூணாவது, என்னைக் கேட்டா இதுதான் நெசமான கலை, தாழ்த்துறது. பாதைய ரெண்டு மூணு அடி பள்ளத்துல எடுத்து, வெட்டின மண்ணையே ஆட்டம் நடக்குற பக்கம் நீளமா சரிவா பரப்பி, புல்லு வளத்துடணும். மேல டீல நின்னு பார்த்தா (குடிக்கிற டீ இல்லீங்க, முதல் அடி அடிக்கிற இடம்) பாதை இருக்குறதே தெரியாது. மண்ணைக் கொண்டுவந்து திடீர்னு குவிச்சா மட்டும் சமாதி கட்டின மாதிரி ஆயிடும், மறைக்கப் போய் அதுவே கண்ணை உறுத்தும்.

இந்த யோசனை ரொம்ப பழசு. நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்கு 1858-ல ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் குடுத்த திட்டத்துல, பூங்காவைக் குறுக்க கடக்குற நாலு ரோட்டையும் தரைமட்டத்துக்குக் கீழ இறக்கிட்டாங்க. அப்போ அதுல குதிரை வண்டி, இப்போ டாக்ஸி. அமெரிக்காவுல சைப்ரஸ் பாயின்ட், அகஸ்டா நேஷனல் மைதானங்களை வடிவமைச்ச அலிஸ்டர் மெக்கன்சி கதை இன்னும் சுவாரசியம். மனுஷன் அடிப்படைல டாக்டர். தென்னாப்பிரிக்காவுல போயர் யுத்தத்துக்குப் போன இடத்துல, போயர்கள் பதுங்குகுழியை மண்ணோட மண்ணா மறைச்ச விதத்தைப் பார்த்து அசந்துட்டார். மனுஷன் போட்டதுன்னு தெரியாம மேடு பள்ளம் போடுற வித்தைய அங்கிருந்துதான் மைதானத்துக்குக் கொண்டு வந்தார். 1934-லயே போய்ச் சேர்ந்துட்டார், இந்த பேட்டரி வண்டித் தொல்லைய எல்லாம் பார்க்கல. குடுத்து வெச்சவர்.

இவ்வளவும் சரி. எனக்கு எரிச்சல் வர்ற இடம் இனிமேதான்.

தாழ்த்தினா பாதையே வாய்க்கால் ஆயிடும். தண்ணி வடிய குழாய் பதிக்கணும், சல்லடை மூடி வெக்கணும், செலவு. அதனால சில இடத்துல சுலபமான வழியா பாதையைத் தூக்கி மரத்துக்குப் பின்னாடி, ஓரத்துல தள்ளிடுறாங்க. படம் எடுத்தா அழகா இருக்கும். மழை பெய்ஞ்ச மறுநாள் 'வண்டி பாதையை விட்டு இறங்கக் கூடாது'ன்னு பலகை வெப்பாங்க பாருங்க, அன்னிக்குத் தெரியும் சேதி. எங்க பெரியவர் வண்டிய நிறுத்தி, பந்து கிடக்குற தூரம் கிட்ட போனாதான் தெரியும்ங்கிறதால மூணு மட்டையை உருவிக் கையில வெச்சுக்கிட்டு, அறுபது கஜம் ஈரப் புல்லுல நடந்து, அடிச்சுட்டுத் திரும்ப அறுபது கஜம். பதினாலாவது குழி தாண்டும்போது அவர் பேச்சு நின்னுடும். மூணு வாரம் முன்னாடி பதினஞ்சோட போதும்னுட்டார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல.

கேசி மார்ட்டின்னு ஒரு ஆட்டக்காரர், வலது கால்ல பிறவியிலேயே ரத்த ஓட்டக் கோளாறு. தொழில்முறைப் போட்டில வண்டி வேணும்னு கேஸ் போட்டு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2001-ல ஏழுக்கு ரெண்டுன்னு ஜெயிச்சார். நடக்குறது ஆட்டத்தோட உயிர்னு வாதாடினவங்க தோத்தாங்க. ஒரேகான்ல பேண்டன் டூன்ஸ் மாதிரி நடந்துதான் ஆடணும்ங்கிற இடங்களும் இருக்கு, அங்க பாதைய மறைக்கிற தலைவலியே கம்மி. அது அவங்க விருப்பம், மருத்துவக் காரணம் இருந்தா விதிவிலக்கும் தர்றாங்க. ஆனா வண்டிய வாடகைக்கு விட்டு காசும் வாங்கிட்டு, பாதைய ஆளில்லாத மூலைல ஒளிச்சு வெக்கிறது என்ன நியாயம்?

பந்து வழக்கமா வந்து விழுற இடத்துல பாதை கிட்ட வரட்டும், தாழ்வா வரட்டும். யாரும் அடிக்காத இடத்துல எவ்வளவு தூரம் வேணும்னாலும் காட்டுக்குள்ள ஓடட்டும். குழாய் செலவு ஆகத்தான் செய்யும். பெரியவர்கிட்ட இதைச் சொன்னேன். "அந்தக் குழாய்க்கும் சேர்த்துத்தான்டா வாரா வாரம் வண்டி வாடகை கட்டுறேன்"ங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ்ல என்னமோ சொல்லிட்டு, மூணு மட்டையை உருவிக்கிட்டு இறங்கிப் போயிட்டார்.