அடுக்கு நந்தியாவட்டை

திருக்கோயில்களில் இறைவற்குச் சாத்தும் மலர்களைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகையாகப் பகுத்து வழங்குதல் பண்டை மரபு. திருப்புகலூரில் முருகநாயனார் இந்நால்வகை மலரையுங் கொய்து திருப்பள்ளித்தாமம் அமைத்த வரலாறு பெரியபுராணங் கற்றார் யாவரும் அறிந்ததே. ஆயின் அம்மலர் தருஞ் செடிகள் வழிவழியாக எங்ஙனம் நிலைபெற்று வருகின்றன என எண்ணுவோர் சிலரே. கொன்றையும் வில்வமும் வித்தினால் முளைப்பன. ஊமத்தையை எவரும் நடவேண்டுவதில்லை; குப்பைமேட்டிலுந் தானே எழும். அடுக்கு நந்தியாவட்டையின் நிலைமையோ வேறு. மகரந்தந் தாங்கவேண்டிய உறுப்புக்கள் இதழ்களாகத் திரிந்துவிட்டமையின், அது காய்ப்பதில்லை. குண்டுமல்லிகை வித்துக்கொள்ளுதல் மிக அரிது. இல்லந்தோறும் நிற்குஞ் செம்பருத்தியைக் காட்டில் தானே வளரக் கண்டவர் இலர். இவை யாவும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போத்தாகவும் பதியனாகவும் வந்தனவே. இடையில் ஒரு தலைமுறையினர் நடாதொழியின், அவ்வளவோடு அவ்வினம் அற்றுப்போம்.

திருமறைக்காட்டை அடுத்த ஒரு சிற்றூரில் அங்ஙனம் அற்றுப்போக இருந்த நந்தியாவட்டை ஒன்றுண்டு. அவ்வூர்ச் சிவன்கோயில் நந்தனவனத்தைப் பேணிவந்த பண்டாரம் எழுபது ஆண்டைக் கடந்தவர். கிணற்றடியில் நின்ற அந்நந்தியாவட்டை அவர்தம் பாட்டி மணமகளாய் வந்த நாளில் நனைத்த வாழைமட்டையிற் சுற்றிக்கொணர்ந்த போத்தினின்று வளர்ந்தது. செடி என்பதினும் சிறுமரம் என்பதே பொருந்தும். காலைச் சந்திக்கு ஒரு கூடை மலர் அதிலிருந்தே வரும்.

போத்து நடுதலில் அம்முதியவர் கைதேர்ந்தவர். வெப்பநாட்டில் இத்தொழிலுக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உள. மண்ணின் வெம்மை வேரை விரைந்து வருவிக்கும். அவ்வெம்மையே வேர் வருமுன் இலைவழியாக நீரை உறிஞ்சிப் போத்தைக் கொன்றுவிடும். ஆகலின் அக்கினி நட்சத்திர நாட்களில் அவர் கத்தியைத் தொடார். ஆடி மழையிலோ ஐப்பசி மழையிலோ, அதுவும் வெயில் தாழ்ந்த பின்னரே வெட்டுவார். பச்சைக் கொழுந்தும் ஆகாது. முற்றிய கட்டையும் ஆகாது. வளைத்தால் வளைந்து, மேலும் வளைத்தால் முறியும் பருவமே தக்கது. மூன்று நான்கு கணுவுடைய சாண் அளவுத் துண்டினை எடுத்து, அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், தலையை நேராகவும் வெட்டுவார். தலையும் அடியும் மாறிவிடாமைப்பொருட்டே இவ்வேறுபாடு. தலைகீழாக நட்ட போத்து செவ்வனே வேர்கொள்ளாது என்பதைத் தோட்டக்காரர் நெடுங்காலம் அறிந்திருந்தனர். அதன் காரணத்தை அறிதற்கு வழிகாட்டியவர் ஒல்லாந்து நாட்டு அறிஞர் பிரிட்ஸ் வெண்ட். இளங்குருத்தின் நுனியினின்று கீழ்நோக்கி இறங்கும் வளர்ச்சிப்பொருளை அவர் 1928-இல் பிரித்துக் காட்டினார். ஆக்சின் எனப்படும் அதுவே வெட்டுவாயிற் சேர்ந்து வேர் தோன்றுதற்கும் ஏதுவாதல் அடுத்த பத்தாண்டிற்குள் தெளிவாயிற்று. இக்காலத்துக் கடைகளில் விற்கும் வேரூக்கித் தூள் அவ்வகைப் பொருளே. முதியவர் அதனை வாங்கியதில்லை. நுனியில் இரண்டு இலைகளைப் பாதியாக நறுக்கி விட்டுவைப்பார். குருத்தும் இலையும் இருந்தாலன்றோ அப்பொருள் கீழிறங்கும்!

எருவிட்ட மண்ணில் அவர் போத்தினை நடுவதில்லை, ஆற்றுமணலே வேண்டும். இராமேச்சுரத் தீவில் தங்கச்சிமடத்தார் மல்லிகைத் தண்டுகளை மணற்பாங்கான நிலத்தில் வேர்விடச்செய்து, மதுரை முதலிய ஊர்களுக்கு அனுப்புதலை அவர் எடுத்துக்காட்டுவார். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகைக்கும் தாய்வீடு அம்மணலே என்பது அவர் வழக்கு. பால் வடியும் ஈழத்தலரியை மட்டும் உடனே நடார். ஒரு கிழமை நிழலில் உலர்த்தி, வெட்டுவாய் காய்ந்த பின்னரே ஊன்றுவார். அல்லாக்கால் அஃது அழுகும். அரளியை வெட்டினாற் கைகழுவாமல் எதனையுந் தொடார். அதன் பால் நஞ்சு.

இத்துணையும் அறிந்தவரிடத்து ஒரு குறையிருந்தது. நந்தனவனத்துப் போத்தினை வெளியார்க்குக் கொடார். பூக்கட்டி விற்றுப் பிழைக்குங் கைம்பெண் ஒருத்தி ஒருகால் அந்நந்தியாவட்டையில் ஒரு கிளை வேண்டினாள். “சிவன் சொத்து குலநாசம் என்பது தெரியாதா, தாயே?” என்று அவளை அனுப்பிவிட்டார். கோயிற்பொருளைக் காத்தல் கடமைதான். ஆயினும், வெட்ட வெட்டத் தழைக்கும் ஒன்றனைப் பொன்போலப் பூட்டிவைத்தல் காவலாகுமோ என்பது அவர்க்கு அந்நாளில் தோன்றவில்லை.

2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் விடியற்குமுன் கசாப் புயல் அப்பகுதியிற் கரையேறியது. இலக்கக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. கூரைகளை இழந்தோர்க்குத் தோட்டத்தை நினைக்கப் பொழுதில்லை. முதியவர் தம் வீட்டுச் சுவரைத் தூக்கி நிறுத்திவிட்டு ஐந்தாம் நாள் கோயிலுக்குப் போனபோது, நந்தியாவட்டை வேரோடு பெயர்ந்து கிணற்றின்மேற் கிடந்தது. உப்புக்காற்றில் இலையெல்லாங் கருகியிருந்தன. உயிருள்ளனவெனத் தோன்றிய கிளைகளினின்று நாற்பது போத்துக்கள் எடுத்தார். ஆற்றுமணல் கிடைக்காமையின் மழையில் ஊறிய தோட்டமண்ணிலேயே ஊன்றினார். பத்தே நாளில் அடி கறுத்தது. மார்கழி பிறக்குமுன் நாற்பதும் அழுகின. அக்காலை அவர் பேத்தி, “தாத்தா, வேறெங்கும் இந்தச் செடி இல்லையா?” என்று கேட்டாள். அவர் விடை கூறவில்லை. அவ்வூரில் ஒற்றை நந்தியாவட்டை உண்டு. இவ்வடுக்கு மலரினை எவர்க்குங் கொடாதிருந்தவர் அவரே.

தைத்திங்களில் ஒருநாள் அக்கைம்பெண் கோயில் வாயிலில் வந்து நின்று அழுதாள். அவர் மறுத்த அன்றே அந்திப்பொழுதில் ஒரு குச்சியை ஒடித்துப் போயிருக்கிறாள். திருடி நட்ட செடி நன்கு தழைக்கும் என ஊரார் விளையாட்டாகச் சொல்வதுண்டு. அதனை நம்பி எடுத்தாள் போலும். “புயலில் என் கூரை போனது அந்தப் பாவத்தால்தான், ஐயா. செடியைப் பெயர்த்துத் தந்துவிடுகிறேன்” என்றாள்.

முதியவர் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், “கூரை எல்லார்க்கும் போயிற்று, தாயே, மடைப்பள்ளிக்குங்கூடப் போயிற்று” என்று கூறி அவளோடு நடந்தார்.

அவள் குடிசையின் கீழ்ச்சுவரை ஒட்டிப் பாத்திரங் கழுவும் நீர் ஓடுமிடத்தில் மார்பளவுச் செடி நின்றது. காற்றைச் சுவர் தடுத்திருந்தது. தீய்ந்த இலைகள் உதிர்ந்து அடியிலிருந்து புதுத்தளிர் விட்டிருந்தது. நட்ட நாட்களில் உச்சிவேளைதோறும் உடைந்த பானையொன்றைக் கவிழ்த்து மூடினாளாம். அது தவிர அவள் ஒன்றுஞ் செய்திலள். பெயர்க்க வேண்டா என்று தடுத்துவிட்டு, கத்தியை மடியிலிருந்து எடுத்த முதியவர், “பன்னிரண்டு குச்சி எடுத்துக்கொள்ளலாமா, அம்மா?” என்று கேட்டார். அவர் தம்மிடம் அனுமதி கேட்டது அவட்கு விளங்கச் சற்றுப் பொழுதாயிற்று.

அன்றிரவு பேத்தி, “அப்படியானால் பழைய மரம் இறந்ததா, இல்லையா, தாத்தா?” என்றாள். “கிணற்றடியிற் கிடந்தது விறகு. கணுதோறும் உள்ள மொட்டு ஒவ்வொன்றும் ஓர் உடம்பாதற்கு உரியது. உடம்பு அமைந்தவிடத்து அதற்குரிய உயிர் வினைவழியே வரும். ஓருயிரை இரண்டாக வெட்டினவர் எவருமில்லை” என்றார் அவர். இவ்விடை நூல்வழிப் பொருந்துமாற்றினைப் புலவர் வழக்காடித் துணிக, சிறுமி அமைந்தாள்.

பன்னிரண்டில் ஒன்பது ஒன்றரைத் திங்களில் வேர்கொண்டன. நான்கு நந்தனவனத்தில் நின்றன. ஐந்தினை ஆடியில் ஐந்து வீட்டார்க்குக் கொடுத்தார்; எவ்வெவ்வீடென்பதைப் பேத்தி பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதிவைத்தாள். அவற்றுள் ஒன்று நீரின்றிப் பட்டது. அவ்வீட்டார்க்கு மறுவாண்டு வேறொன்று கொடுக்கப்பெற்றது.