மாநாட்டில் கிண்ணியாவைப் பற்றி என்ன சொன்னோம்?



அன்பின் கிண்ணியா உறவுகளே,

நிலைபேறான சுற்றுலா பற்றிய ஆய்வு மாநாடு ஒன்றில் கட்டுரை வாசித்துவிட்டு வந்திருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் ஜஸாகுமுல்லாஹு ஹைரா. வாழ்த்தோடு சேர்த்து ஒரு கேள்வியும் வந்தது: "அங்க போய் எங்களப் பத்தி என்ன சேர் சொன்னீங்க?"

நியாயமான கேள்வி. நாங்கள் மூவரும் பாடசாலை ஆசிரியர்கள். லீவு நாட்களில் உங்கள் வீட்டு முற்றத்திலும் மாட்டுப்பட்டியடியிலும் தோணிக்கரையிலும் உட்கார்ந்து நீங்கள் சொன்னதை எழுதிக்கொண்டு போனவர்கள். சொன்னவர்களுக்குக் கணக்குக் காட்டுவது எங்கள் கடமை. அதற்குத்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில், நிலைபேறான சுற்றுலா என்றால் என்ன? ஓர் இடத்துக்கு ஆட்கள் வந்து போவதால் அங்குள்ள கடலும் காடும் கெடக் கூடாது. அங்குள்ளவர்களின் பண்பாடும் மரியாதையும் குறையக் கூடாது. வருகிற காசில் அந்த ஊர் ஆட்களுக்கு ஒரு பங்கு கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது நிலைக்கும். 2017ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை இதற்கான சர்வதேச ஆண்டாகவே அறிவித்திருந்தது.

நமக்கு இது ஏன் தேவை? 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். பிறகு 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, கொரோனா, பொருளாதார நெருக்கடி எல்லாம் வந்து அந்த எண்ணிக்கை விழுந்து, 2024இல் மறுபடியும் 20 இலட்சத்தைத் தாண்டியது. திருகோணமலைக்கு வருபவர்கள் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர் ஊற்று, உப்புவெளி, நிலாவெளி, நாம் புறாமலை என்று சொல்லும் தீவு என்று போகிறார்கள். நம் ஊரை வாகனத்துக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போகிறார்கள். 2009 ஒக்டோபரில் திறந்த 396 மீட்டர் பாலத்தில் நின்று ஒரு படம் எடுப்பார்கள். அவ்வளவுதான்.

எங்கள் கட்டுரை கேட்டது இதுதான்: அந்த வாகனம் ஒரு நாள் இங்கே நின்றால் யாருக்கு என்ன கிடைக்கும், யாருக்கு என்ன போகும்?

நீங்கள் சொன்ன பதில்களைப் பெயர் குறிப்பிடாமல் அப்படியே கொண்டுபோனோம். தயிர் போடும் ராத்தா ஒருவர் கேட்டார்: "வெள்ளக்காரன் வந்தா சட்டிக்கு விலை கூடுமா, இல்ல கடைக்காரனுக்கு மட்டும் கூடுமா?" எருமை வைத்திருக்கும் காக்கா ஒருவர், "மேய்ச்சல் தரை சுருங்கிட்டு வருது. ஹோட்டலுக்கு இடம் குடுத்தா மாடு எங்க நிக்கிற?" என்றார். கடற்றொழில் செய்யும் ஒருவர், "கரையில கதிரை போட்டா வலையை எங்க காயப்போடுற?" என்றார். பள்ளிவாசல் முன்றலில் பேசிய பெரியவர்களுக்கு மதுவும் உடுப்பும் பற்றிய கவலை இருந்தது. ஏ.எல். முடித்த தம்பிமாருக்கு வேறு கணக்கு: "கட்டாருக்குப் போகாம இங்கேயே ஒரு வேலை கிடைச்சா போதும் சேர்."

ஐந்து பேரும் நம் ஊர்தான். ஐந்து பேர் சொன்னதும் ஒன்றில்லை. கட்டுரையின் முடிவாக நாங்கள் வைத்ததும் அதைத்தான்: "சமூகம் விரும்புகிறது" என்றோ "சமூகம் எதிர்க்கிறது" என்றோ ஒரு வரியில் எழுதி யாரும் நம் ஊரைப் பற்றி முடிவு எடுக்க முடியாது.

மாநாட்டில் ஒவ்வொருவருக்கும் 10 நிமிடம் பேச, 5 நிமிடம் கேள்விக்கு. எங்கள் அளிக்கை முடிந்ததும் ஒருவர் எழும்பிக் கேட்டார்: "கிண்ணியாவில் சுற்றுலா என்று இன்னும் எதுவும் தொடங்கவில்லையே, இப்போது இதை ஆராய்ந்து என்ன பயன்?" சபையில் சிலர் தலையாட்டினார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எங்களில் ஒருவர் சொன்னார்: "தொடங்கின பிறகு கேட்டால் பதில் சொல்ல காணி இருக்காது சேர்." தலைமை வகித்த பேராசிரியை அதைக் குறித்துக்கொண்டார். தேநீர் இடைவேளையில் கேள்வி கேட்டவரே வந்து நீண்ட நேரம் பேசினார். அவர் கேள்வியால்தான் எங்கள் கட்டுரை எதற்கு என்பது எங்களுக்கே தெளிவானது.

அங்கே நாங்கள் கேட்டவற்றில் நமக்குப் பயன்படும் மூன்று விடயங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, டொக்சி என்பவர் 1975இல் சொன்ன படிமுறை. ஓர் ஊருக்குச் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கும்போது ஊர் மக்களுக்கு மகிழ்ச்சி. கொஞ்ச நாளில் அது பழகிப்போகும், வந்தாலென்ன போனாலென்ன என்றாகும். பிறகு எரிச்சல். கடைசியில் பகை. எல்லா ஊரும் கடைசிப் படிவரை போக வேண்டும் என்றில்லை. எவ்வளவு பேர், எந்த இடத்தில், எந்த நடைமுறையோடு என்பதை ஊர் முன்கூட்டியே பேசி வைத்தால் இடையிலேயே நிறுத்தலாம்.

இரண்டு, காசுக் கசிவு. பயணி செலவழிக்கும் காசு முழுவதும் ஊருக்குள் நிற்பதில்லை. அறை பதிவு செய்யும் இணையத்தளத்துக்குத் தரகு, வெளியிலிருந்து வரும் உணவுப் பொருள், வெளியூர் முதலாளியின் இலாபம் என்று ஒவ்வொன்றாகப் போய்விடும். உள்ளூர் மீன், உள்ளூர் அரிசி, நம் எருமைத் தயிர், உள்ளூர்ப் படகு, உள்ளூர் வழிகாட்டி என்று இருந்தால் கசிவு குறையும். தயிர் ராத்தாவின் கேள்விக்குப் பதிலும் இதற்குள்தான் இருக்கிறது: விற்பவர்கள் சேர்ந்து விலை பேசினால் சட்டிக்குக் கூடும், தனித்தனியாக நின்றால் கடைக்காரருக்குக் கூடும்.

மூன்று, மாலைதீவு. முழு முஸ்லிம் நாடு. 1972இல் அங்கே முதல் உல்லாச விடுதி வந்தது. அதன் பிறகு பல காலம் விடுதிகளை ஆட்கள் குடியிருக்காத தீவுகளில் மட்டுமே வைத்திருந்தார்கள். மார்க்கத்துக்குப் பாதுகாப்பு, ஆனால் இலாபத்தில் சாதாரண தீவு மக்களுக்குப் பெரிய பங்கில்லை. 2009ஐ அடுத்துத்தான் மக்கள் வாழும் தீவுகளில் சிறிய விருந்தினர் இல்லங்களுக்கு வழி திறந்தது. மாஃபூஷி போன்ற தீவுகளில் குடும்பங்களே அவற்றை நடத்துகின்றன. அந்தத் தீவுகளில் மது விற்பனை இல்லை. நீச்சல் உடுப்புக்கென்று கடற்கரையின் ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். இதை அப்படியே கொண்டுவாருங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நிபந்தனை வைத்தால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று யாராவது சொன்னால், வந்திருக்கிறார்கள் என்று காட்டத்தான் சொல்கிறோம்.

காணி விடயத்தை நாங்கள் அழுத்திப் பேசியதற்குக் காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஐ நம்மில் யாரும் மறக்கவில்லை. அதன் பிறகு கிழக்குக் கரையில் 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அறிவித்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். அதே காலத்தில் அறுகம்பேயை உல்லாசத் தளமாக மீளக் கட்டும் திட்டம் வந்தபோது, கரையை விட்டு எங்களை எழுப்பிவிட்டு யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று அங்குள்ள மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். பேரிடர் நேரத்தில்கூடக் கரைக்குப் பெறுமதி பார்ப்பவர்கள் இருப்பார்கள். நம்மிடம் நம் கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அந்தச் சபையில் சொன்னோம். 2021 நவம்பர் 23, குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டி முடியாத நிலையில் ஓடிய படகுப் பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட நம் உயிர்கள் போயின. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. பயணிக்காகப் படகுத் துறை கட்டப் பேசும் எந்தத் திட்டமும், நம் பிள்ளைகள் பத்திரமாகத் தண்ணீரைக் கடக்கும் வழியைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும் என்றோம். அப்போது சபையில் யாரும் பேசவில்லை.

ஆய்வுப் பக்கம் வர நினைக்கும் நம் தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. ஆய்வுச் சுருக்கம் எழுத ஆங்கிலம் தடை என்று ஒதுங்காதீர்கள். பிரச்சினை, நோக்கம், முறை, கண்டது, முடிவு என்று முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு மொழிபெயர்க்க உதவி கேளுங்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். அனுப்பி இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டோம், காசைக் கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் யோசியுங்கள். நல்ல மாநாட்டில் கட்டுரையை யாராவது வாசித்துக் குறை சொல்லியிருப்பார்கள். எங்களுக்கு இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு வந்தது. திருத்தித்தான் போனோம்.

இனி என்ன? கட்டுரையின் தமிழ் வடிவத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், அதை முதலில் பதில் தந்த உங்களிடம் வாசித்துக் காட்டுவோம். "நான் அப்படிச் சொல்லல்ல" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைத் திருத்துவோம். அதன் பிறகு ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கு, ஒன்று நகரசபைக்கு, ஒன்று வாசிகசாலைக்கு.

அதுவரை, ஊருக்குள் சுற்றுலாத் திட்டம் என்று யாராவது வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். காணி யார் பெயரில் இருக்கும்? வேலைக்கு எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேரை, எந்தச் சம்பளத்துக்கு எடுப்பீர்கள்? குப்பையும் கழிவுநீரும் எங்கே போகும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தருபவரோடு உட்கார்ந்து பேசலாம்.

எங்களோடு பேசக் கிடைக்காதவர்கள், குறிப்பாக வீட்டிலிருந்து தொழில் செய்யும் சகோதரிகள், உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். எழுத விருப்பமில்லாவிட்டால் பாடசாலை விட்ட பிறகு வந்து சொல்லுங்கள். குறித்துக்கொள்ளக் கொப்பி இன்னும் இருக்கிறது.

வஸ்ஸலாம்.