காற்றின் கணக்கு

விமானங்களின் வழியையும் எரிபொருளையும் தரையிலிருந்து கணக்கிடும் டிஸ்பாட்சர் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என்னிடம், உறவுக்காரப் பிள்ளையொருவன் கைப்பேசியில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டி, தூரத்தையும் நேரத்தையும் ஒரு நொடியில் வரவழைத்துக் காட்டி, "இதற்கா பெரியப்பா ஆயுசு முழுவதும் கணக்குப் போட்டீர்கள்?" என்று கேட்டான். அவன் மனத்தில் துவேஷம் இல்லையெனினும், ஒரு தொழிலையே அற்பமாக்கும் அலட்சியம் அக்கேள்வியில் இருந்தபடியால், விடையைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

கைப்பேசி காட்டுவது பெருவட்டத் தூரம், அதாவது பூமியின்மேல் இரண்டு இடங்களுக்கிடையிலுள்ள மிகக் குறுகிய தூரம். விமானம் எரிபொருள் செலவிடுவதோ, வீசும் காற்றினூடே அது கடக்கும் காற்றுத் தூரத்துக்கு. டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியே சென்றுகொண்டிருந்த ஏர் இந்தியா விமானம், 2016 அக்டோபரில் பசிபிக் வழியே திருப்பப்பட்டபோது, தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர் கூடி 15,300 ஆயிற்று. ஆயினும் மேலைக்காற்றின் வேகவோட்டம் பின்னிருந்து தள்ளியதனால், பதினான்கரை மணி நேரத்தில், அதாவது பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி முன்னதாகவே, அது போய்ச் சேர்ந்தது.

எனக்கு இவ்வித்தையைக் கற்பித்தவர், விமானி அறையில் நேவிகேட்டருக்கு ஆசனமே இல்லாமற்போன பிறகு தரைக்கு வந்துவிட்ட பழைய நேவிகேட்டர். புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் அவர் ஒரே கணக்கைத்தான் கொடுப்பார்: கடல்மேல் 3,600 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் மணிக்கு 900, பின்காற்று 100, பிரயாணி ஒருவருக்கு மாரடைப்பு, எந்த இடம்வரை திரும்பலாம்? நாங்கள் பாதியைக் கணக்கிட்டு 1,800 என்போம். அவர் மறுமொழி சொல்லாமல் பென்சிலை மறுபடியும் எங்கள் பக்கம் நகர்த்துவார். விடை 1,600. அங்கிருந்து காற்றை எதிர்த்து 800 வேகத்தில் திரும்பினாலும் இரண்டு மணி. எஞ்சிய 2,000 கிலோமீட்டரைக் காற்றோடு 1,000 வேகத்தில் கடந்தாலும் இரண்டு மணி. அதுவே ஈ.டி.பி. என்று நாங்கள் வழங்கும் சமநேரப் புள்ளி. போகையில் கிடைக்கும் லாபமும் வருகையில் நேரும் நஷ்டமும் சரிக்குச் சரியாகிவிடும் என்று எவனாவது சொன்னால், அதையும் போட்டுப் பார்க்கச் சொல்வார்: போக 3 மணி 36 நிமிஷம், வர 4 மணி 30 நிமிஷம், ஆக 8 மணி 6 நிமிஷம், காற்றே இல்லாவிடில் 8 மணிதான். கொடுத்ததை வட்டியோடு வாங்கிக்கொள்வது காற்றின் சுபாவம் என்பதை அவர் உபதேசமாகச் சொன்னதில்லை. எங்கள் கையாலேயே எழுத வைத்தார்.

தூரமும் ஸ்திரமானதன்று. 2019 பிப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடி ஜூலை நடுவில் திறக்கும்வரை, டில்லியிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் அரபிக்கடல்வரை தெற்கே இறங்கி வளைந்து போக நேர்ந்தது. வழி நீண்டால் எரிபொருள் கூடும். கூடிய எரிபொருளைச் சுமப்பதற்கே இன்னும் கொஞ்சம் எரிபொருள் செலவாகும். மாற்று விமான நிலையத்துக்குப் போவதற்கானதையும், கடைசி முப்பது நிமிஷம் பறப்பதற்கான இருப்பையும் அதற்குமேல் வைக்க வேண்டும்.

இன்றோ, யந்திரம் அச்சிட்டுத் தரும் காகிதத்தில் காற்று எந்தத் திசையினது என்றுகூடப் பாராமல் கையொப்பமிடும் இளைஞர்களைக் காண்கிறேன். அட்டவணையில் நேரத்தைத் தாராளமாகக் கூட்டி வைத்துவிட்டு, முன்கூட்டியே வந்து சேர்ந்தோமென்று பெருமையுடன் அறிவிக்கும் வழக்கத்தையும் காண்கிறேன். யந்திரத்தை நான் வெறுக்கவில்லை; அது எங்களைவிடத் துரிதமாகவும் நுட்பமாகவும் கணக்கிடுகிறது. ஆனால் அது தந்த எண் நம்பத்தக்கதா என்று சந்தேகிக்க, அந்த எண் பிறக்கும் விதத்தை அறிந்த மனிதன் ஒருவன் வேண்டும். ஆகையால், கையொப்பமிடுமுன் சமநேரப் புள்ளி ஒன்றையாவது பென்சிலால் போட்டுப் பார்க்கும்படி பயிற்சியில் விதித்தே தீரவேண்டும். அதை வீண் சிரமமென்று கருதுகிறவனுக்கு டிஸ்பாட்சரின் மேஜை உரியதன்று.