தண்ணீர்பள்ளி: காவிரிக் கரையில் ஒரு துறவு மடம்

திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது குளித்தலை. சுற்றிலும் வாழைத் தோப்புகள், வெற்றிலைக் கொடிக்கால்கள். மு. கருணாநிதி முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குத் தேர்வானது 1957இல் இந்தத் தொகுதியில்தான். பக்தர்கள் இந்த ஊரை வேறு கணக்கில் வைத்திருக்கிறார்கள். காலையில் கடம்பவனநாதர், உச்சியில் அய்யர்மலை இரத்தினகிரீசுவரர், அந்தியில் அக்கரையிலுள்ள ஈங்கோய்மலை நாதர் என்று ஒரே நாளில் மூன்று சிவன் கோயில்களையும் தரிசிப்பது இங்கே பழைய வழக்கம்.

குளித்தலையை ஒட்டிய தண்ணீர்பள்ளியில், ஆற்றங்கரை மாந்தோப்புக்குள் இருக்கிறது சச்சிதானந்த ஆசிரமம். சாந்திவனம் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். இது கத்தோலிக்கத் துறவிகளின் மடம். நமக்கு மடம் ஒன்றும் புதிதல்ல. ஆனால் கோபுரம் வைத்த கத்தோலிக்க மடம் யாரையும் நின்று பார்க்க வைக்கும்.

1939இல் இந்தியா வந்து திருச்சி மறைமாவட்டத்தில் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் ஜூல் மோன்ஷானன். பிரிட்டனியில் பெனடிக்டின் மடத்துத் துறவியாக இருந்துவிட்டு 1948இல் வந்து சேர்ந்தவர் ஆன்றி லெ சோ. இருவரும் 1950இல் இந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். காவி உடுத்து, பரமாரூப்யானந்தா, அபிஷிக்தானந்தா என்று பெயரும் மாற்றிக்கொண்டார்கள். சேர்ந்து வாழ இந்தியத் துறவிகள் வருவார்கள் என்று காத்திருந்தார்கள். நிலைத்துத் தங்கியவர் இல்லை. மோன்ஷானன் 1957இல் பாரிசில் காலமானார். ரமணரைத் தரிசித்த நாள் முதல் அருணாசலத்தின் பிடியில் இருந்த அபிஷிக்தானந்தா, குகைகளில் தங்கித் தவமிருந்தார். கடைசியில் இமயமலைப் பக்கம் போய்விட்டார். 1968இல் பொறுப்பேற்ற ஆங்கிலேயர் பீட் கிரிஃபித்ஸ் காலத்தில்தான் ஆசிரமம் ஊன்றி வளர்ந்தது. 1993இல் அவர் மறைந்தபோது இங்கேயே அடக்கம் செய்தார்கள்.

1980களின் தொடக்கத்தில் சாந்திவனம் கமால்டோலிச் சபையோடு இணைந்தது. புனித ரோமுவால்ட் 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் தஸ்கனி மலைக்காட்டில் தொடங்கிய சபை அது. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் புனித புரூனோ 1084இல் தொடங்கிய கார்த்தூசியர் சபையைப் போலவே, இதிலும் தனிமைக்குத்தான் முதலிடம். ஆனால் இங்கே தனிக்குடிலில் தவமிருப்பவரும், மடத்தில் கூடி வாழ்பவரும் ஒரே சபைக்குள் இருக்கலாம். வனத்தில் தனித்திருந்தும் குருவோடு கூடியிருந்தும் துறவு காத்த நாட்டுக்கு இது எளிதாகவே பொருந்தியது.

ஆலயக் கோபுரத்தில் சிலுவையிலிருந்து எழும் மும்முகத் திருவுருவம் தந்தை, மகன், தூய ஆவியைக் குறிக்கிறது. விமானத்தில் மாதா, இராயப்பர், சின்னப்பர், ஆசீர்வாதப்பர். கருவறையை இருட்டாகவே விட்டிருக்கிறார்கள். விடியலிலும் அந்தியிலும் தியானம். மூன்று வேளை பொதுவழிபாடு. காலையில் சந்தனம், உச்சியில் குங்குமம், மாலையில் திருநீறு இடுகிறார்கள். உபநிடதம் ஓதி, தமிழ்ப் பக்திப் பாடல் பாடி, விவிலியம் வாசித்து, தீபாராதனையோடு முடிக்கிறார்கள். தரையில் பந்தி, சைவச் சாப்பாடு, பேச்சில்லை. ஒருவர் புத்தகம் வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடியே சாப்பிடுகிறார்கள்.

இதற்கு இரண்டு பக்கமிருந்தும் கண்டனம் எழுந்தது. திருச்சபையின் தூய்மை கெட்டுவிட்டது என்றார்கள் கத்தோலிக்கர் சிலர். காவியைக் கடன் வாங்கி மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்றார்கள் இந்துக்கள் சிலர். சீதாராம் கோயல் 1988இல் கத்தோலிக்க ஆசிரமங்களைக் கண்டித்து ஒரு நூலே வெளியிட்டார். அடையாளங்களை எடுத்தாளும் உரிமை யாருக்கு என்ற அவருடைய கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கேள்விக்கு நடுவிலும் மூன்று தலைமுறைத் துறவிகள் இந்தக் கரையில் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். மதத்தின் பெயரால் எழுந்த எத்தனையோ கட்டடங்களை விட இந்த வாழ்க்கைக்கு மதிப்பு அதிகம் என்பது என் கட்சி.

ஈரோடு–திருச்சி ரயில் பாதையில் குளித்தலையில் இறங்கினால் ஆசிரமம் பக்கம்தான். எந்த மதத்தவரும் வழிபாட்டில் உட்காரலாம். தங்க நினைப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். போனால் படம் எடுத்துக்கொண்டு உடனே திரும்பாதீர்கள். ஒரு வேளை வழிபாட்டிலாவது பேசாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.