காலியாகத் தெரியும் நேரம்

கூகுள் காலண்டரை ஓர் ஏ.ஐ. உதவியாளருடன் இணைக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் இடையில் அனுமதி கேட்டு ஒரு பக்கம் வருமே, அதைப் பலரும் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் முக்கியம். 2012இல் வெளியான ஓஆத் 2.0 என்ற முறையால் நம் கடவுச்சொல் உதவியாளரின் கைக்குப் போவதில்லை. ஒரு டோக்கன் மட்டும் போகிறது. அதை வைத்து எதுவரை செய்யலாம் என்று எல்லை உண்டு. வேண்டாம் என்றால் நம் கணக்குக்குள் போய் நாமே ரத்து செய்துவிடலாம். எந்த நேரம் காலி என்று மட்டும் பார்ப்பது ஓர் அனுமதி. நிகழ்ச்சிகளின் விவரத்தைப் படிப்பது வேறு. சேர்ப்பதும் மாற்றுவதும் அழிப்பதும் வேறு. இவற்றைப் பிரித்துக் கேட்காமல் மொத்தமாக வாங்கிக்கொள்ளும் உதவியாளரை நான் இணைப்பதில்லை.

இதில் நான் கறாராக இருக்கக் காரணம், காலண்டரில் இருப்பது என் நேரம் மட்டுமில்லை. அம்மாவின் கண் பரிசோதனை, பிசியோதெரபி, டொரண்டோவில் இருக்கும் தங்கையோடு வாரந்தோறும் பேசுவது எல்லாமே அதில்தான். மனநல மருத்துவரிடம் துணைக்கு வரச் சொன்ன தோழியின் தேதிகளும் இருந்தன. அவள் நம்பிச் சொன்னது என்னிடம். அந்தத் தேதிகளை வேறொரு கணக்குக்கு மாற்றிய பிறகுதான் இணைத்தேன்.

வெளியிலிருந்து வருவதையும் கவனிக்க வேண்டும். நம் மின்னஞ்சல் தெரிந்த யாரும் அழைப்பு அனுப்பலாம். அதில் எழுதியிருப்பதையும் உதவியாளர் படிக்கும். 2025 ஆகஸ்டில் பிளாக் ஹேட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர்கள் இதிலுள்ள ஆபத்தைச் செய்தே காட்டினார்கள். அழைப்புக்குள் கட்டளையை ஒளித்து வைத்தார்கள். காலண்டரில் என்ன இருக்கிறது என்று கூகுளின் உதவியாளரான ஜெமினியிடம் கேட்கப்போய், அந்தக் கட்டளை வேலை செய்து வீட்டு விளக்குகள் அணைந்தன. கூகுள் அதற்குத் தடுப்புகளைச் சேர்த்தது. நானும் என் பங்குக்கு, தெரிந்தவர்களின் அழைப்பு மட்டுமே தானாகச் சேரும்படி அமைப்பை மாற்றினேன்.

இத்தனையும் செய்து முடித்தபின் உதவியாளரால் கிடைத்த நிம்மதி பெரிது. டொரண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுத்துவிடுவார்கள். நமக்கும் அவர்களுக்கும் இடையே கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். தங்கையோடு பேசும் ஞாயிறு இரவு எட்டு மணி அழைப்பைப் பதியச் சொன்னபோது, எந்த ஊர் நேரத்தை மாறாமல் வைப்பது என்று அதுவே கேட்டது. நல்ல கேள்வி. நம் ஊர் நேரம் என்றேன். அம்மா ஒன்பதுக்குப் படுத்துவிடுவார். ஒரு மணி முன்பின் ஆனால் தங்கை சமாளித்துக்கொள்வாள்.

காலி நேரம்தான் இன்னும் சிக்கல். கட்டம் வெறுமையாக இருந்தால் உதவியாளருக்கு அது யாருக்கும் கொடுக்கக்கூடிய நேரம். மதியம் இரண்டு மணிக்கு அம்மா சாப்பிட்டுச் சாய்ந்திருப்பார். திங்கள் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். புது மருத்துவரைப் பார்க்க அந்த நேரத்தில் கிளம்பமாட்டார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் போகப்போவது அவர், அவர் மனம் நிம்மதியாக இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் கட்டங்களாக அடைத்தால் காலண்டரே மூச்சுமுட்டும். அதனால் நிரந்தரக் குறிப்பாகத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன்; அதன்படியே நேரம் சொல்கிறது.

அழைப்பு அனுப்பும் வேலையை மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. உதவியாளர் வரைவு தயாரிக்கும், அனுப்புவது நான். அழைப்பைப் பெறுகிறவர், நான் யோசித்து அந்த நேரத்தைக் கேட்டிருக்கிறேன் என்று நம்பித்தானே தன் வேலையைத் தள்ளிவைக்கிறார்.