ஜாக்கெட்டின் உட்புறம்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நனைக்கும் திருவனந்தபுரத்தில், தோல் ஜாக்கெட் என்னும் குளிர்தேசத்து வஸ்திரத்துக்கு என்ன வேலை என்று நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். பொன்முடி மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஏறிச் செல்லும் வாலிபர்களுக்காக அவ்வுடையைச் செப்பனிடுவதும் ஒரு ஜீவனோபாயமாகியிருப்பதை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் நிறுவிய சாலைக் கடைத்தெருவை அடுத்த ஒரு சந்தில், ஆம்பூரிலிருந்து வந்து குடியேறிய முதியவர் ஒருவரின் தையலகத்தில்தான் அறிந்தேன்.

அவருடைய மேசைமீது, தார்ச்சாலையில் வழுக்கி விழுந்த ஒருவரின் ஜாக்கெட் கிடந்தது. முழங்கையில் சாயம் முழுவதும் உரிந்திருந்தும் தோலில் துவாரம் இல்லை. தோள்மூட்டில் மட்டும் தையல் ஒரு சாண் நீளத்துக்கு விட்டுப் போயிருந்தது.

"இது எப்படி பாய்?" என்றேன்.

"தோலு தாங்கிடும் சார், நூலுதான் மொதல்ல போவும்" என்றார் அவர்.

தோல் தாங்குவதற்குக் காரணம் அதன் இயற்கையிலேயே இருக்கிறது. துணியில் நூல்கள் இரு திசைகளில் மட்டுமே ஓட, தோலிலோ கொலாஜன் இழைகள் எல்லாத் திசைகளிலும் பின்னிக் கிடப்பதால், ஓரிடத்தில் விழுந்த கீறல் எளிதில் நீள்வதில்லை. உராய்வின் உஷ்ணத்தில் நைலான் உருகிச் சருமத்தில் ஒட்டிக்கொள்ளும், தோல் உருகுவதில்லை. பச்சைத்தோல் ஏறக்குறைய 65 டிகிரி வெப்பத்திலேயே சுருங்கிவிடும் என்றால், குரோமிய உப்பில் பதனிட்ட தோல் 100 டிகிரிவரை நிலைகுலையாமல் நிற்கிறது. மேல்படலம் சிதையாத, 1.2 மில்லிமீட்டருக்குக் குறையாத மாட்டுத்தோலையே பாய் விரும்புகிறார். மேல்படலத்தைப் பிளந்தெடுத்தபின் எஞ்சும் ஸ்பிளிட்டை அவர் தொடுவதில்லை.

ஒரே தோலிலும் எல்லா இடமும் சமமன்று. முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமாகவும், வயிற்றுப் பகுதி தளர்ந்து இழுபடுவதாகவும் இருக்கும். ஆகையால் வெட்டுகிறவன் முதுகுப் பகுதியைத் தோளுக்கும் முழங்கைக்கும் ஒதுக்கி, வயிற்றுப் பகுதியை அடிபடாத இடங்களுக்குத் தள்ளுவதில்தான் அவனுடைய சாமர்த்தியம் புலப்படும். காசை மிச்சம் பிடிக்க விரும்புகிறவன் தவறுவதும் அவ்விடத்திலேதான்.

அதன்பின் வருவது தையல். ஊசித்துளைகள் நெருங்கிவிட்டால், தபால்தலையின் ஓரத்தைப்போல அந்தக் கோட்டிலேயே தோல் கிழியும். அகன்றுவிட்டால் ஒவ்வொரு தையலின்மேலும் பாரம் மிகும். விளிம்பை மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, இரண்டு வரி ஓட்டினால், வெளிவரி சாலையில் தேய்ந்தறுந்தாலும் உள்வரி பிடித்துக்கொள்ளும். வியர்வையிலும் ஈரத்திலும் மக்கும் பருத்திநூலுக்கு இங்கே இடமில்லை. முறுக்கேறிய நைலானோ பாலியெஸ்டரோதான் வேண்டும். 2020ஆம் ஆண்டு ஐரோப்பாவில் வெளியான ஈஎன் 17092 என்னும் தரவிதியும், உச்ச வகுப்புக்குரிய ஆடையில் அடிபடும் பகுதிகளை மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்கு ஈடாக உராய்த்துச் சோதிப்பதோடு நில்லாமல், தையலின் வலிமையைத் தனியே அளக்கிறது.

இவ்வூரின் ஈரக்காற்றில் பூஞ்சணம் பூப்பதும் ஒரு சங்கடமே. நனைந்த ஜாக்கெட்டை வெயிலில் போட்டால் அது விறைத்து வெடிக்கும் என்றும், நிழலில் காற்றாட விட்டுக் காய்ந்தபின் எண்ணெய்ப்பசை ஊட்டவேண்டும் என்றும் பாய் சொன்னார். கூலியைப்பற்றிக் கேட்டபோது அவர் சிரித்தார்: "பாலிஷ் போட்டுக் குடுத்தா கேட்ட காசு தருவாங்க சார். ரெண்டாவது வரித் தையலுக்குத்தான் பேரம் பேசுவாங்க."

புறத்தின் மினுக்கு பிறர் கண்ணுக்கு. உள்ளிருக்கும் இரண்டாம் வரியோ அணிகிறவனுக்கு. தோல் ஜாக்கெட் வாங்கப் புகுகிறவர்கள் அதை முதலில் உட்புறமாகத் திருப்பிப் பார்ப்பார்களாயின், பேரம் எதன்மேல் பேசத்தக்கது என்பது அவர்களுக்கே விளங்கிவிடும்.