உப்பின் வெண்மையும் முகத்தின் கருமையும்

ஒளிப்படக் கலையில் ஈடுபட்டோர் தம் விருப்பத் துறையை உருவப்படம், நிலக்காட்சி, ஒளிப்படக் கட்டுரை என மூன்றாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். ஒருவரின் முகத்தையும் இயல்பையும் முதன்மைப்படுத்துவது உருவப்படம்; மண்ணையும் வானத்தையும் காட்டுவது நிலக்காட்சி; ஒரு பொருள்பற்றி எடுத்த பல படங்களை வரிசை பிசகாமல் கோத்துப் பொருளை விளங்கவைப்பது ஒளிப்படக் கட்டுரை. இப்பிரிவினை கண்காட்சிகளுக்கும் போட்டிகளுக்கும் வசதியானதே. ஆயினும் இத்தொழிலில் நெடுங்காலம் உழைத்தவர்களுக்கு, எதிரில் உள்ளவற்றின் கருமையையும் வெண்மையையும் உள்ளபடி படத்தில் நிறுத்துவது என்னும் ஒரே சிக்கல்தான் மூன்றிலும் எதிர்ப்படுகிறது. கைப்பேசியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், இனி ஒளிப்படக்காரர் எதற்கு என்னும் பேச்சு கல்யாண மண்டபம் முதல் பத்திரிகை அலுவலகம் வரை கேட்கும் இக்காலத்தில், அச்சிக்கல் இன்னும் தீர்ந்துவிடவில்லை என்பதை எடுத்துரைப்பது கடமையாகிறது.

இதை விளக்க உகந்த இடம் தூத்துக்குடி உப்பளம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தொடங்கி அடுத்த மழை வரும்வரை நடக்கும் உப்பு வேலையில், பாத்தியில் படிந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் சேர்க்கும் தொழிலாளியின் முகம் வெயிலில் காய்ந்து கறுத்திருக்கும். தலையில் கட்டிய துண்டின் நிழல் நெற்றியிலும் கண்களிலும் விழுந்திருக்கும். காலடியிலோ உப்பின் வெண்மை கண்ணைக் கூசவைக்கும். அவரை மட்டும் எடுத்தால் உருவப்படம். அம்பாரமாகக் குவிந்த உப்பையும் அதற்குப் பின்னுள்ள வானத்தையும் எடுத்தால் நிலக்காட்சி. இருள் பிரியுமுன் அவர் வீட்டைவிட்டுப் புறப்படுவது முதல் மாலையில் கால்களைக் கழுவுவது வரை தொடர்ந்து எடுத்தால் ஒளிப்படக் கட்டுரை. எதை எடுத்தாலும் கரிய முகமும் வெள்ளை உப்பும் ஒரே சட்டகத்துக்குள் வந்தே தீரும்.

கேமராவினுள் உள்ள ஒளிமானி, அதாவது பொருளிலிருந்து தெறித்து வரும் வெளிச்சத்தை அளக்கும் பொறி, தான் பார்ப்பது எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கொள்கிறது. தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டை இதற்கு அளவுகோலாக வழங்கிவருகிறது. அப்பொறியிடம் உப்பைக் காட்டினால், வெளிச்சம் மிகுதி என்று கணக்கிட்டு ஒளியைக் குறைக்கச் சொல்லும். அதன்படி எடுத்த படத்தில் உப்பு அழுக்குச் சாம்பலாகவும் முகம் கரிக்கட்டையாகவும் விழும். அதே மாவட்டத்தில் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணைக் காட்டினால், வெளிச்சம் போதவில்லை என்று ஒளியைக் கூட்டச் சொல்லும். கரிசல் வெளிறிப் புழுதிக்காடாகிவிடும். கருவிக்குக் கரிசலும் தெரியாது, உப்பும் தெரியாது; இரண்டையும் அறிந்தவர் அதைக் கையில் பிடித்திருப்பவரே.

உச்சி வெயிலில் 125 வேகப் படச்சுருளை வைத்து, ஷட்டரை நொடியில் 125-இல் ஒரு பங்கு திறக்கும்போது, உப்புப் பரப்புக்கு அபர்ச்சர் எனப்படும் லென்ஸ் துவாரம் எஃப் 22 என்னும் அளவில் இருந்தால் போதும். துண்டின் நிழலில் உள்ள முகத்துக்கோ எஃப் 5.6 வேண்டியிருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே நான்கு ஸ்டாப் வேறுபாடு உண்டு. ஒளியை ஒரு மடங்கு கூட்டும் அல்லது பாதியாகக் குறைக்கும் படியே ஸ்டாப் என்பதால், நான்கு ஸ்டாப் என்பது பதினாறு மடங்கு. அதோடு, உப்பிலிருந்து மேல்நோக்கித் தெறிக்கும் ஒளி தாடையின் அடிப்புறத்தையும் மூக்குத் துளைகளையும் வெளுக்கச் செய்து முகத்தின் அமைப்பையே மாற்றிவிடும். இதனால் அனுபவமுள்ளவர்கள் தொழிலாளியை ஈரம் காயாத கரிய வரப்பின் அருகே நிற்கச் சொல்லி எடுப்பார்கள், அல்லது பொழுது சாயும்வரை காத்திருப்பார்கள்.

இவ்விடத்தில், இக்கட்டுரையாளருக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்தவரைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. நெல்லைச் சீமையில் ஒரு சிறிய ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த அவரை ஊரார் அண்ணாச்சி என்றே அழைத்தனர். அவரிடம் ஒளிமானி இருந்தது. ஆனால் அவர் அதை முகத்துக்கு நேராகவோ வேட்டிக்கு நேராகவோ நீட்டியதில்லை. எடுக்கப்படுபவரின் முகத்தில் விழும் வெளிச்சமே தன் உள்ளங்கையிலும் விழுமாறு கையைத் திருப்பிப் பிடித்து, உள்ளங்கையை அளந்து, அந்த அளவிலிருந்து ஒரு ஸ்டாப் திறந்து எடுப்பார். மனிதர்களின் மேனி நிறம் எவ்வளவு வேறுபட்டாலும் உள்ளங்கையின் நிறம் அவ்வளவாக வேறுபடுவதில்லை. அது சாம்பல் அட்டையைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளுப்பானது. ஆகவே கை சரியாக விழுந்தால் முகமும் வேட்டியும் தத்தம் இடத்தில் தாமாக விழும் என்பது அவர் கணக்கு. மீட்டரை நேரே முகத்துக்கு நீட்டும் பையன்களிடம், "மொதல்ல கையப் பாருல, பெறவு மீட்டரப் பாரு" என்பார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே கிடைத்த காலம் அது. 1960-இல் நிறுவப்பட்ட உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் சுருளைக்கூட எண்ணி எண்ணிச் செலவிட்டதால், ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு யோசனை இருந்தது.

அண்ணாச்சியின் மற்றொரு பிடிவாதம் பவுடர் பற்றியது. அக்காலத்து ஸ்டூடியோ எதுவாயினும் நுழைந்தவுடன் ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா ஆகிய மூன்றும் இருக்கும். படமெடுக்க வருவோர் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டே விளக்கின் முன் அமர்வர். அவரோ ஈரத்துண்டைக் கொடுத்து அதைத் துடைக்கச் சொல்வார். இதற்குத் தொழில்சார்ந்த காரணம் உண்டு. வெளிர்ந்த தோலில் நிழல் படியும் விதத்தால் முகத்தின் மேடு பள்ளங்கள் தெரிகின்றன. கரிய தோலில் அவை தெரிவது பெரும்பாலும் மினுக்கத்தால், அதாவது கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் நெற்றி விளிம்பிலும் ஒளி பட்டுத் தெறிக்கும் பளபளப்பால். பவுடர் அந்த மினுக்கத்தை மூடிவிடுவதால் முகம் சுண்ணாம்புச் சுவர்போலத் தட்டையாகிறது. பவுடரைத் துடைத்து, அகன்ற வெள்ளைத் துணியில் விளக்கொளியைத் தெறிக்கவிட்டு, அதைப் பக்கவாட்டிலிருந்து முகத்தில் விழச்செய்தால், கறுப்பு முகம் செதுக்கிய கற்சிலைபோல எழுந்து நிற்கும். ரீடச்சிங் வேலையிலும் அவருக்கு ஒரு வரம்பு இருந்தது. நெகட்டிவின்மேல் கூர்மையான பென்சிலால் தீட்டினால் அவ்விடம் பிரிண்டில் வெளுக்கும். அம்முறையில் பருவையும் தழும்பையும் மறைக்க அவர் உடன்படுவார். மேனி நிறத்தைத் தொட உடன்படமாட்டார்.

படம் எடுத்ததோடு வேலை முடிவதில்லை என்பதும் இன்று மறந்துபோன செய்தி. நெகட்டிவில் நிழற்பகுதியின் விவரத்தை, சுருளில் விழும் ஒளியின் அளவாகிய எக்ஸ்போஷரும், வெளிச்சப்பகுதியின் விவரத்தை டெவலப்பரில் ஊறும் நேரமும் தீர்மானிக்கின்றன. எனவே உப்பளத்துச் சுருளுக்கு முகத்தை மனத்தில் கொண்டு ஒளியைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, டி-76 டெவலப்பரில் வழக்கமான நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால், முகமும் கிடைக்கும், உப்பின் மணிகளும் கரைந்துபோகாமல் தெரியும். பிறகு டார்க் ரூமில், என்லார்ஜரின் ஒளி காகிதத்தில் விழும்போது, கம்பியின் முனையில் ஒட்டிய சிறு அட்டை வட்டத்தால் முகத்தைச் சில நொடிகள் மறைப்பதும், பின்னர் கைகளைக் குவித்து அந்த இடைவெளி வழியே உப்புக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுப்பதும் நடக்கும். மறைத்த இடம் வெளுக்கும், கூட்டிய இடம் கறுக்கும். அட்டையை அசைக்காமல் பிடித்தால் முகத்தைச் சுற்றி வளையம் விழுந்து, வேலை தெரியாதவர் கைபட்டது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நிலக்காட்சியிலும் இதே கதைதான். 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லினேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடராக ஒட்டிய அரும்பணியாளர். அக்கால நெகட்டிவுகள் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தமையால் வானம் வெறும் வெள்ளையாக விழுந்தது. அதற்காக அவர் நெகட்டிவில் மேகங்களைத் தம் கையால் தீட்டிச் சேர்த்தார். பிற்காலத்தில் எல்லா நிறங்களையும் உணரும் சுருள்கள் வந்தபின், லென்ஸின் முன் வைக்கும் வண்ணக் கண்ணாடியாகிய ஃபில்டர் அப்பணியை ஏற்றது. மஞ்சள் ஃபில்டர் வானத்தைச் சற்றே அழுத்தி மேகத்தை எழுப்பும். சிவப்பு ஃபில்டர் வானத்தைக் கறுக்கச் செய்யும். ஆனால் அதை வயற்காட்டில் வைத்தால் பச்சைப் பயிர் சேறுபோல இருண்டுவிடும். எந்த மண்ணுக்கு எது என்பது அந்த மண்ணைக் கண்ணால் கண்டவருக்கே தெரியும். அமெரிக்க நிலக்காட்சி மேதை ஆன்செல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து 1940-ஐ ஒட்டி வகுத்த மண்டல முறை, கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட நிறங்களைப் பதினொரு படிகளாகப் பிரித்து, எப்பொருள் எப்படியில் விழவேண்டும் என்பதை எடுப்பவரே முன்கூட்டித் தீர்மானிக்கச் சொல்கிறது. வெள்ளையரின் சராசரி மேனிக்கு அதில் ஆறாம் படி குறிக்கப்பட்டுள்ளது. அதை அப்படியே மனப்பாடம் செய்து உப்பளத்தில் பயன்படுத்துபவர், தொழிலாளியை அவர் அல்லாத வேறொருவராக மாற்றிவிடுவார்.

ஒளிப்படக் கட்டுரையில் இப்பிழை பன்மடங்காகிறது. அமெரிக்க ஒளிப்படக்காரர் யூஜின் ஸ்மித், கொலராடோ மாநிலத்துக் கிரெம்லிங் என்னும் சிற்றூரில் ஒரு மருத்துவருடன் 23 நாள்கள் தங்கி எடுத்து, 1948 செப்டம்பரில் லைஃப் இதழில் வெளியான நாட்டுப்புற மருத்துவர் பற்றிய படத்தொடர் இவ்வகைக்கு இன்றும் முன்மாதிரி. நெருக்கத்தில் எடுத்த முகம், எட்ட நின்று எடுத்த ஊர், கைகளின் வேலை, வேலை முடிந்த களைப்பு என ஒவ்வொரு படமும் முந்தையதன் தொடர்ச்சியாக அமையவேண்டும். தொடர்ச்சிக்கு முதல் நிபந்தனை, முதல் படத்தில் கண்டவரே கடைசிப் படத்திலும் இருக்கிறார் என்று வாசகர் நம்புவது. தானியங்கி அளவீட்டில் எடுத்த உப்பளத் தொடர்களில், குடிசைக்குள் மாநிறமாக இருந்தவர் பாத்தியில் நிழலுருவாகிறார், தேநீர்க் கடையில் வெளுத்துப்போகிறார். ஒரே ஆள் மூவராகிவிடுகிறார். நாற்பது படங்களை வரிசையின்றிக் கொட்டிவிட்டு அதைப் படக்கட்டுரை என்று அழைப்போர் இதைக் கவனிப்பதுகூட இல்லை.

கருவிகளின் சாய்வு புதிதன்று. வண்ணப் பிரிண்ட் போடும் கூடங்களுக்கு நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய ஷெர்லி அட்டையில் பல்லாண்டுகளாக வெள்ளைத்தோல் பெண்ணின் படமே இருந்தது; பல நிறத்தவர் இடம்பெற்ற அட்டைகள் 1990-களில்தான் வந்தன. அன்று அட்டை செய்ததை இன்று கைப்பேசியின் மென்பொருள் செய்கிறது. பல எக்ஸ்போஷர்களை ஒரே நொடியில் கலந்து, நிழலைத் தூக்கி, வெளிச்சத்தைத் தாழ்த்தி, அழகூட்டல் என்ற பெயரில் தோலையும் வழித்துவிடுகிறது. அப்படத்தில் முகம் வெளுத்திருக்கும், உப்பு கூசாது. கூசாத உப்பளத்தில் அத்தொழிலாளி ஏன் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிறார் என்பது பார்ப்பவருக்கு விளங்காது. இக்கட்டுரையாளர் எடுத்த உப்பளத் தொழிலாளி ஒருவரின் படத்தை, ஓர் இதழ் அலுவலகத்தில் முகம் டல்லாக இருக்கிறது என்று சொல்லி, கேட்காமலேயே இரண்டு சுற்று வெளுத்து அச்சிட்டார்கள். படத்தின் அடியில் எடுத்தவர் பெயர் சரியாகவே இருந்தது. எடுக்கப்பட்டவர் முகம்தான் இல்லை.

வெள்ளையாகக் காட்டச் சொல்லி வாடிக்கையாளரே கேட்டதும் உண்டு என்பதை மறுக்க முடியாது. அதற்கு அண்ணாச்சி கையாண்ட முறை எளியது. பிரிண்டை உறையில் போடுமுன், வாடிக்கையாளரைக் கடை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்து, நிலைக்கண்ணாடியின் முன் நிறுத்தி, படத்தை அவர் கன்னத்தை ஒட்டிப் பிடித்து, இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார். பெரும்பாலோர் சற்று நேரம் பார்த்துவிட்டு, மறுபேச்சின்றிப் படத்தை வாங்கிச் சென்றார்கள். ஆயிரக்கணக்கில் படமெடுத்துக் குவிக்கும் இளைஞர்கள் தாம் எடுத்த ஒரே ஒரு படத்தையாவது அச்சிட்டு, எடுக்கப்பட்டவரின் முகத்தருகே பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களானால், இத்தொழிலில் இன்னும் கற்கவேண்டியது எவ்வளவு என்பதை வேறொருவர் சொல்லத் தேவையிருக்காது.